காந்தப் பாக்டீரியாவால் மூளைக் கட்டியைச் சுட முடியுமா? வாட்ஸ்அப்பில் வந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கூத்தப்பாக்கத்தான் | வெள்ளி இரவு 9.40

என் சித்திக்கு மூளையில் கட்டி. போன வருஷம் ஆபரேஷன் ஆயிற்று, பிறகு ரேடியேஷன், மாத்திரை கீமோ. நன்றாகத்தான் இருந்தார். போன மாத ஸ்கேனில் மறுபடி வளர்ந்திருக்கிறது என்றார்கள்.

இப்போது குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. "காந்தக் கிருமியை ஊசியில் ஏற்றி, வெளியிலிருந்து காந்தம் காட்டினால் கிருமி சூடாகிக் கட்டியைக் கருக்கிவிடும். ஜெர்மனியில் பத்து வருஷமாக நடக்கிறது. இனி ரேடியேஷன் தேவையில்லை." கீழே ஒரு போன் நம்பர். சித்தப்பா பேசியும் விட்டார். முன்பணம் நாற்பதாயிரமாம், மீதி "மருந்து வந்து இறங்கியதும்". இன்று சாயங்காலம் நகைக்கடன் ஃபாரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

நான் பி.காம். எனக்கு இதில் எது நிஜம், எது கதை என்று பிரிக்கத் தெரியவில்லை. "எல்லாம் பொய்" என்று மட்டும் சொன்னால் சித்தப்பா கேட்கமாட்டார். நெட்டில் தேடினால் நிஜமான ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வருகின்றன, அதைக் காட்டி என்னையே மடக்குகிறார்.

சுண்ணாம்பாறு | வெள்ளி இரவு 9.52

போன் நம்பர் போட்டு வருகிற வைத்தியம் எதுவும் வைத்தியம் இல்லை தம்பி. ஃபாரத்தைக் கிழித்துப் போடுங்கள். இழையை மூடலாம்.

வெள்ளாறு | வெள்ளி இரவு 10.31

மூட வேண்டாம். தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஃபார்வர்டு முழுப் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. மூன்று உண்மைகளை ஒன்றாகப் பிசைந்து ஒரு பொய் உருட்டியிருக்கிறார்கள்.

நான் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் படித்தவன், இப்போது ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். முதல் உண்மை: காந்தப் பாக்டீரியா இருக்கிறது. 1963-ல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் சால்வத்தோரே பெல்லினி என்பவர் சேற்றுத் தண்ணீரில் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் எப்போதும் வடக்குப் பக்கமே போய்க் குவிந்தன. இத்தாலிய மொழியில் எழுதியதால் வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1975-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் வேறொரு சேற்றில் தனியாகக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இவற்றின் உடம்புக்குள் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு மணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 40, 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். ஒவ்வொரு மணிக்கும் தனியாக ஒரு கொழுப்புச் சவ்வு உறை. இதற்கு மேக்னடோசோம் என்று பெயர். பத்து இருபது மணிகள் ஒரு புரத நூலை ஒட்டி வரிசை கட்டி, மொத்தமும் ஒரு திசைகாட்டி முள் மாதிரி வேலை செய்யும். தண்ணீரிலிருந்து இரும்பை உறிஞ்சி, அளவு பிசகாமல், எல்லா மணியையும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் வளர்க்கிறது. ஒரு செல் மட்டுமே உள்ள உயிர் செய்கிற வேலை இது. லேபில் ரசாயன முறையில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர நிறைய மெனக்கெட வேண்டும்.

ஆனால் "கிருமியை ஊசியில் ஏற்றி" என்கிற இடத்தில்தான் ஃபார்வர்டு வழுக்குகிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன், வீட்டில் கரண்ட் போய்விட்டது.

காயில்கட்டி | சனி காலை 7.15

கடலூர் முதுநகரில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். பாக்டீரியா பற்றித் தெரியாது. சூடு எங்கிருந்து வருகிறது என்பது என் தொழில், அதை மட்டும் சொல்கிறேன்.

இரும்பை ஒரு பக்கம் காந்தமாக்கி, உடனே எதிர்ப்பக்கம் திருப்பினால் அது சும்மா திரும்பாது. கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுக்குச் செலவாகிற சக்தி சூடாக வெளியே வரும். இதற்குத்தான் ஹிஸ்டெரிசிஸ் நஷ்டம் என்று பெயர். லோடே இல்லாமல் ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அதில் ஒரு பங்கு இதுதான். ஈ.பி. கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சூடு. அதையே நொடிக்கு ஒரு லட்சம் சுற்று கொடுத்தால்? கட்டியைச் சுடுகிற காந்த மெஷின் ஓடுவது அந்தக் கணக்கில், 100 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேலும்.

அதனால் "காந்தம் காட்டினால்" என்பது தப்பு. கையில் பிடிக்கிற காந்தம் எவ்வளவு பெரியதானாலும், மாறாமல் நிற்கிற காந்தத்தால் இப்படிச் சூடு வராது. மாறி மாறி அடிக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற காயிலும், அலமாரி சைஸ் பவர் சப்ளையும் வேண்டும். போனில் பேசுகிறவரிடம் சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்கள் மெஷின் எத்தனை கிலோஹெர்ட்ஸ்?"

சுண்ணாம்பாறு | சனி காலை 7.48

இண்டக்‌ஷன் ஸ்டவ்தானே அண்ணே? அதற்கு எதற்கு இவ்வளவு சுற்று. வீட்டில் இருக்கிற ஸ்டவ் மேலே தலையை வைத்தால் போயிற்று :)

காயில்கட்டி | சனி காலை 8.20

விளையாட்டுக்குக்கூட அப்படி எழுதாதீர்கள், யாராவது செய்து தொலைப்பார்கள்.

இண்டக்‌ஷன் ஸ்டவ்வில் பாத்திரம் சூடாவது பெரும்பாலும் எட்டி கரண்டால், அதாவது உலோகத்துக்குள்ளேயே சுழல்கிற கரண்டால். அடிப்பாகம் அகலமான இரும்பு, அதற்குள் கரண்ட் சுழல இடம் இருக்கிறது. இடத்தைச் சுருக்கினால் எட்டி கரண்ட் படுத்துவிடும். மோட்டாருக்குள் இருக்கிற இரும்புக் கோர் பாகத்தை ஏன் ஒரே கட்டியாக வார்க்காமல் மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளாக அடுக்கி, இடையில் வார்னிஷ் பூசுகிறோம்? இதற்குத்தான். 40 நானோமீட்டர் மணிக்குள் எட்டி கரண்ட் சுழல இடமே கிடையாது. அங்கே வருவது முழுக்க முரண்டுச் சூடு.

எட்டி கரண்ட் வருகிற இடம் வேறு: நோயாளியின் உடம்பு. உப்புத் தண்ணீர் நிரம்பிய உடம்பும் ஒரு கண்டக்டர்தான். காயிலின் வேகத்தையும் பலத்தையும் ஏற்றிக்கொண்டே போனால், மணி இல்லாத நல்ல சதையும் சூடாகும். தலை சின்னது, சமாளிக்கலாம். வயிறு, நெஞ்சு என்றால் அகலம் கூடக்கூட இந்தச் சூடு அகலத்தின் இருமடிக் கணக்கில் ஏறும். விளிம்பில் முதலில் பற்றும். இதுதான் இந்த வைத்தியத்துக்குப் போட்ட கடிவாளம் என்று நினைக்கிறேன். மேடம், சார் யாராவது சரிபாருங்கள்.

வெள்ளாறு | சனி காலை 9.05

அண்ணே, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அந்தக் கடிவாளத்துக்கு ஒரு எண்ணே இருக்கிறது. பிரெஸோவிச் என்பவர் 1980-களில் ஆட்களின் உடம்பைச் சுற்றிக் காயில் வைத்து, எதுவரை தாங்குகிறார்கள் என்று பார்த்தார். காந்தப் புலத்தின் பலத்தையும், நொடிக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கினால் சுமார் 48 கோடியே 50 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பலத்தை மீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டால் வருகிற கணக்கு. அது 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் நெஞ்சைச் சுற்றி இருந்த கணக்கு. சின்ன இடத்துக்கு இதைவிடக் கூட்டலாம்.

காயில்கட்டி | சனி காலை 9.30

அப்படியென்றால் 100 கிலோஹெர்ட்ஸில் மீட்டருக்கு 4850 ஆம்பியர். காந்தக் கணக்கில் 6 மில்லிடெஸ்லா. ரொம்பக் கம்மி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் முகத்தில் இதைப் போலப் பத்து மடங்கு சாதாரணமாக இருக்கும். சூட்டைத் தருவது காந்தத்தின் பலம் இல்லை, அந்த ஒரு லட்சம் சுற்று. இதை சித்தப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள் தம்பி.

கோரிமேடு அக்கா | சனி மதியம் 2.10

ரேடியேஷன் பிரிவில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது உண்மையை நான் சொல்கிறேன்: சூட்டால் புற்றுக்கு வைத்தியம் செய்வது கற்பனை இல்லை.

41 முதல் 45 டிகிரி வரை, ஒரு மணி நேரம் போல. கருகுவது, எரிவது எல்லாம் கிடையாது, இட்லிப் பானை ஆவியில் பாதிகூட இல்லாத சூடு. ஆனால் செல்லுக்கு அது போதும். 43 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே சேதத்துக்குத் தேவைப்படும் நேரம் பாதியாகும். 43-ல் ஒரு மணி என்றால் 44-ல் அரை மணி. அதனால் ஒரு டிகிரி பிசகுவதே பெரிய விஷயம்.

கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்காது, ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத செல் ரேடியேஷனுக்கு எளிதில் மசியாது. ஆனால் அதே செல் சூட்டுக்கு மசியும், சூட்டை இறக்கிவிட ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. தவிர, ரேடியேஷனால் உடைந்த டி.என்.ஏ.வைச் செல் ஒட்டுப்போட முயலும்போது சூடு அந்த ரிப்பேர் வேலையைக் கெடுக்கும். ஆக சூடு ரேடியேஷனுக்குத் துணை. "இனி ரேடியேஷன் தேவையில்லை" என்று ஃபார்வர்டில் இருக்கிறதே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பயம்.

சுண்ணாம்பாறு | சனி மதியம் 2.25

43 டிகிரியா? கத்திரி வெயிலில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலே கிடைக்குமே அக்கா.

கோரிமேடு அக்கா | சனி மதியம் 2.41

வெளியே 43 இருந்தாலும் வேர்த்து ஊற்றி உள்ளே 37-ல் வைத்துக்கொள்ளத்தானே உடம்பு இருக்கிறது. உள்ளேயே 43 ஆனால் ஆள் இருக்கமாட்டார். கட்டி மட்டும் 43, பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி 38. இதைச் செய்வதுதான் வித்தை. அதற்குத்தான் இரும்பு மணியை உள்ளே வைக்கிறார்கள்.

கூத்தப்பாக்கத்தான் | சனி மாலை 6.00

எல்லோருக்கும் நன்றி. நிஜமாகவே புரிகிறது. அப்போது ஜெர்மனி விஷயம்? சித்தப்பா பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். "அங்கீகாரமே கொடுத்திருக்கிறார்கள்" என்கிறார்.

கோரிமேடு அக்கா | சனி இரவு 8.30

கொடுத்தது உண்மை. எதற்கு என்பதுதான் கேள்வி.

பெர்லினில் ஒரு கம்பெனி, பெயர் மேக்ஃபோர்ஸ். இரும்பு ஆக்சைடு நானோ துகளைத் தண்ணீரில் கலந்து, மூளைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தி, தலையைக் காயிலுக்கு நடுவே வைத்து 100 கிலோஹெர்ட்ஸில் சூடேற்றினார்கள். அவர்களுடைய முறைக்கு 2010-ல் ஐரோப்பிய அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் தம்பி, அந்தத் துகள் ரசாயன முறையில் செய்தது. பாக்டீரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த பத்தியில் ஒரு எண் வருகிறது. வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

2011-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், திரும்ப வளர்ந்த மூளைக் கட்டி உள்ள 59 பேருக்குச் சூட்டோடு ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து நடுமட்ட ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 13.4 மாதம். அதற்கு முந்தைய பழைய கணக்குகளோடு ஒப்பிட்டால் நல்ல எண். ஆனால் சூடு கொடுக்காத இன்னொரு குழுவை அதே ஆய்வில் வைத்து ஒப்பிடவில்லை. அதனால் எவ்வளவு பங்கு சூட்டால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. அந்தத் துகள் உள்ளேயே தங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கறுப்பாகத்தான் தெரியும், கட்டி வளர்கிறதா இல்லையா என்றே பார்க்க முடியாது. தலைப் பக்கத்தில் வேறு உலோகமும் இருக்கக்கூடாது, பல்லில் அடைத்தது உட்பட. அங்கீகாரம் வாங்கிய அந்தக் கம்பெனியும் 2022-ல் திவால் மனு போட்டுவிட்டது. "பத்து வருஷமாக நடக்கிறது" என்றால், நடந்தது, சில ஆஸ்பத்திரிகளில், பாக்டீரியா இல்லாமல்.

நலம் நாடி | சனி இரவு 9.15

அலோபதி ஆட்கள் காந்தத்தை ஒத்துக்கொள்ளவே இருபது வருஷம் ஆயிற்று பாருங்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை ஈர்த்து ஓட்டத்தைச் சீராக்கும். நம்மிடம் காந்த மெத்தை, காந்தத் தண்ணீர்ச் சொம்பு இரண்டும் இருக்கின்றன, பல பேருக்குக் கட்டி கரைந்திருக்கிறது. தொடர்புக்கு: [நீக்கப்பட்டது]

காயில்கட்டி | சனி இரவு 9.33

ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஆணி இரும்பு இல்லை. காந்தம் ரத்தத்தை இழுக்கும் என்றால் ஆர்மேச்சர் சோதிக்கும்போது என் கை ஊதிப்போயிருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குள் போகிறவர்கள் வெடித்திருக்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கும் மூட்டு வலிக்கு ஒரு காந்த மெத்தை தலையில் கட்டினார்கள். பிரித்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் வருகிற ரப்பர் காந்தம், முப்பத்திரண்டு துண்டு, அவ்வளவுதான். இப்போது அதன் மேல் நாய் படுத்திருக்கிறது. அதற்கு வலி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

திண்ணை (நிர்வாகி) | சனி இரவு 9.40

நம்பரை எடுத்துவிட்டேன். நலம் நாடி, விளம்பரத்துக்கு வேறு பகுதி இருக்கிறது. இந்த இழையில் இன்னொரு முறை போட்டால் கணக்கை முடக்குவேன். மற்றவர்கள் தொடருங்கள்.

வெள்ளாறு | ஞாயிறு காலை 10.10

விட்ட இடத்துக்கு வருகிறேன். மூன்றாவது உண்மை: பாக்டீரியாவிலிருந்து எடுத்த மணிகளாலும் கட்டியைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், எலியில். 2011-ல் பிரான்ஸில் எடுவார் அல்ஃபாந்தேரி குழு. அவர்கள் பயன்படுத்தியது ஜப்பானில் முதலில் பிரித்தெடுத்த ஏ.எம்.பி.-1 என்ற பாக்டீரியா வகை. எலியின் தோலுக்கடியில் மனித மார்பகப் புற்றுச் செல்லை வளர்த்து, அந்தக் கட்டிக்குள் மணிகளைச் செலுத்தி, சுமார் 200 கிலோஹெர்ட்ஸில் இருபது இருபது நிமிஷமாக மூன்று தடவை சூடு கொடுத்தார்கள். சில எலிகளில் கட்டி முழுசாக மறைந்தது.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அவர்கள் மூன்று வகை மருந்தை ஒப்பிட்டார்கள்: சங்கிலியாகவே எடுத்த மணிகள், சங்கிலியை அறுத்து உதிரியாக்கிய மணிகள், ரசாயனத் துகள்கள். ஜெயித்தது சங்கிலி. உதிரி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடுகின்றன. கட்டிக்குள் ஒரே இடத்தில் குமிந்தால் அங்கே மட்டும் சூடு, மற்ற இடம் தப்பித்துவிடும். சங்கிலியில் ஒவ்வொரு மணியும் தன் இடத்தில் நிற்பதால் கொத்தாவதில்லை, கட்டிக்குள் பரவலாக விழுகிறது. பாக்டீரியா தனக்குத் திசை தெரிய வேண்டும் என்று கோத்த மாலை, நமக்கு இந்த வேலைக்கு உதவுகிறது. காயில் அண்ணன் சொன்ன முரண்டும் இந்தப் பருமனில் அதிகம். பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் துகள் உடல் சூட்டிலேயே தன் காந்தத் திசையைச் சட்டென்று மாற்றிக்கொள்ளும். 40, 50-ல் அது நிலையாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமானது. ஊசியில் போனது கிருமி இல்லை. கிருமியை உடைத்து, காந்தத்தால் மணிச் சங்கிலியைப் பிரித்து, கழுவி எடுத்தது. ஏனென்றால் இந்த பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அது கொஞ்சம் ரத்தத்தில் கலந்தாலே குளிர்காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது, உயிருக்கே ஆபத்து. அதை ஒட்டாமல் கழுவி, மேலே வேறு பூச்சு பூசித்தான் பயன்படுத்த முடியும்.

காயில்கட்டி | ஞாயிறு காலை 10.45

சார், 200 கிலோஹெர்ட்ஸ் என்றீர்கள். புலம் எவ்வளவு? 20 மில்லிடெஸ்லா என்றே வைத்துக்கொண்டாலும் மீட்டருக்கு 16 ஆயிரம் ஆம்பியர் ஆச்சு. பெருக்கினால் 320 கோடி. நீங்கள் சொன்ன கடிவாளத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல். எலி சின்னது, தாங்கும். ஆளை அந்தக் காயிலுக்குள் வைக்க முடியாது.

வெள்ளாறு | ஞாயிறு காலை 11.02

அதேதான். எலியிலிருந்து ஆளுக்கு வருகிற வழியில் நிற்கிற பெரிய கல் அது. இரண்டாவது கல், உற்பத்தி. இவை காற்றும் வேண்டாம், காற்றே இல்லாமலும் முடியாது என்கிற ஜாதி. ஆக்சிஜனை ஒரு மயிரிழையில் வைத்து வளர்க்க வேண்டும். ஒரு லிட்டர் வளர்ப்பில் மணி கிடைப்பது மில்லிகிராம் கணக்கில்தான்.

கோரிமேடு அக்கா | ஞாயிறு மதியம் 12.20

உயிரோடு இருக்கிற பாக்டீரியாவையே கட்டிக்குள் அனுப்புகிறார்கள் என்று கனடா பக்கம் ஒரு செய்தி படித்த ஞாபகம். அது வேறா?

வெள்ளாறு | ஞாயிறு மதியம் 1.05

வேறு. நல்ல வேளை கேட்டீர்கள், ஃபார்வர்டு குழப்பியது இதையும் சேர்த்துத்தான். மான்ட்ரியாலில் சில்வெய்ன் மார்டெல் குழு, 2016-ல் வெளியிட்டார்கள். எம்.சி.-1 என்ற கடல் பாக்டீரியாவின் உடம்பில் மருந்து நிரப்பிய லைபோசோம் என்ற குட்டிக் கொழுப்புப் பொட்டலங்களைக் கட்டி, உயிரோடு எலியின் கட்டிக்குப் பக்கத்தில் செலுத்தினார்கள். காந்தம் அங்கே வழிகாட்டி மட்டும்தான். கட்டி வரை காந்தம் கூட்டிப்போகும், உள்ளே போன பிறகு ஆக்சிஜன் குறைந்த இடத்தை பாக்டீரியா தானே தேடிக்கொள்ளும். அக்கா சொன்ன அந்த ரேடியேஷனுக்கு மசியாத நடுப்பகுதி இருக்கிறதே, அதுதான் இதற்குப் பிடித்த வீடு. செலுத்தியதில் 55 சதவீதம் வரை அங்கே போய்ச் சேர்ந்தன என்று எழுதியிருக்கிறார்கள். சாதாரணமாக ரத்தத்தில் ஏற்றுகிற மருந்தில் கட்டிக்குள் போய்ச் சேருவது மிகச் சிறிய பங்குதான்.

ஆனால் இதில் சூடு கிடையாது. மருந்து சுமக்கிற கழுதை வேலை. முழு பாக்டீரியாவையே சூட்டுக்கும் பயன்படுத்தலாமா என்று ஸ்பெயினில் பாஸ்க் பகுதிக் குழு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது, அதெல்லாம் லேப் அளவில்.

உயிருள்ள பாக்டீரியாவை உடம்பில் விடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பி.சி.ஜி. கிருமியை உயிரோடு செலுத்துவது 1976 முதல் இருக்கிற வைத்தியம். குழந்தைக்குத் தோளில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. அது படிப்படியாக ஆட்களில் சோதித்து வந்தது. காந்தப் பாக்டீரியா அந்தப் படியில் இன்னும் ஏறவில்லை.

கூத்தப்பாக்கத்தான் | ஞாயிறு இரவு 7.30

இவ்வளவையும் பிரின்ட் எடுத்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தார். "சரிடா, நம்ம ஊருக்கு வராவிட்டாலும் ட்ரையல் என்று ஒன்று இருக்குமே, அதில் சேர்க்கத்தான் காசு கேட்கிறார்களோ" என்கிறார். இதற்கு என்ன சொல்ல?

கோரிமேடு அக்கா | ஞாயிறு இரவு 8.05

இந்தியாவில் ட்ரையல் நடத்துகிறவர்கள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009-லிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். எத்திக்ஸ் கமிட்டி எது என்று கேளுங்கள். தமிழில் ஒப்புதல் படிவம் கேளுங்கள். அப்புறம், சோதனை மருந்துக்கு நோயாளியிடம் முன்பணம் வாங்குகிற ட்ரையலை என் முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

சித்தியின் பழைய ரேடியேஷன் சார்ட், எந்த இடத்துக்கு எத்தனை கிரே (ரேடியேஷன் அளவு) என்று எழுதியது, அதை ஒரு காப்பி வாங்கி வையுங்கள். ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி. எல்லாவற்றோடும் ஜிப்மர் புற்றுநோய்ப் பிரிவிலோ அடையாறிலோ ஒரு அபிப்பிராயம் கேளுங்கள். மறுபடி ரேடியேஷன் தர இடம் இருக்கிறதா, இரண்டாவது ஆபரேஷன் முடியுமா என்பது அந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பல பேர் அதை விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அலைகிறார்கள்.

போர்ட்டோநோவோ பாய் | ஞாயிறு இரவு 9.20

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மேக்னடைட், மேக்னடைட் என்கிறீர்களே, அது எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை. 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை வைத்தார். தாது வந்தது சேலம் பக்கத்திலிருந்து, அதே மேக்னடைட். உருக்கியதில் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறியது. உலையை எரிக்கக் கரி கட்டுப்படியாகாமல் கம்பெனி படுத்துவிட்டது.

வெள்ளாறு | ஞாயிறு இரவு 9.44

பாய், அவர் உலை வைத்துக் காட்டை எரித்தார். ஆற்றுச் சேற்றில் ஒரு பூச்சி நெருப்பே இல்லாமல் அதே பொருளைச் செய்துகொள்கிறது. கம்பெனி படுக்கவும் இல்லை.

கூத்தப்பாக்கத்தான் | ஞாயிறு இரவு 9.58

நம் ஊர்ச் சேற்றிலும் இருக்குமா சார்?

வெள்ளாறு | ஞாயிறு இரவு 10.30

அமைதியான சேறு, மேலே ஆக்சிஜன் உள்ள தண்ணீர், கீழே இல்லாத தண்ணீர், இரண்டும் சந்திக்கிற கோடு. இந்த மூன்றும் இருந்தால் தேடலாம். பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுச் சேறு, வெள்ளாற்று முகத்துவாரம், குளத்து அடிமண், எல்லாம் தோது.

நான் படித்த காலத்தில் செய்த கதை. ஒரு அகல வாய் ஊறுகாய் ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளாற்றுச் சேறு, மேலே அதே ஆற்றுத் தண்ணீர். லேசாக மூடி, வெயில் படாமல் கட்டிலுக்கடியில் வைத்தேன். பத்து நாளில் அழுகின முட்டை நாற்றம். ரூம் நண்பன் தூக்கி வாய்க்காலில் கொட்டினான். இரண்டாவது ஜாடியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒளித்து வைத்தேன். ஒரு மாதம் கழித்து, சேற்றுக்கு ஒரு அங்குலம் மேலே, ஜாடியின் வெளிப்பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் செலோடேப் போட்டு ஒட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த இடத்திலிருந்து மட்டும் டிராப்பரில் ஒரு சொட்டு. கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நூற்றுக்கணக்கான ஜீவன்கள் தாறுமாறாக ஓடுகின்றன. சொட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருந்த காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அந்தக் கூட்டம் அப்படியே ஒரே நேரத்தில் திரும்பிச் சொட்டின் மறு ஓரத்துக்குப் போயிற்று. மற்றவை எதுவும் கண்டுகொள்ளவில்லை. அன்று மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இன்னொரு சுவாரசியம். ஜெர்மனியில் திசைகாட்டி முள் அறுபது டிகிரிக்கு மேல் பூமிக்குள் குனியும். அங்கே வடக்கு நோக்கிப் போகிறது என்றால் கீழே, சேற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். தெற்கு அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிப் போவதுதான் கீழே. நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், கடலூரில் முள் கிட்டத்தட்ட படுத்தேதான் இருக்கும், சில டிகிரி சாய்வு. அதே மாதிரி காந்த நடுக்கோட்டை ஒட்டிய பிரேசிலின் ஃபோர்டலேசா ஊரில் 1981-ல் பார்த்தபோது வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் ஏறக்குறைய சரிபாதி இருந்தன. அதனால் நம் பக்கம் தேடுகிறவர்கள் ஜாடியின் இரண்டு பக்கமும் காந்தம் வைப்பது நல்லது, ஒன்றில் வட முனை, எதிரில் தென் முனை.

காயில்கட்டி | ஞாயிறு இரவு 10.41

காந்தம் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். எரிந்த ஸ்பீக்கர் ஒரு மூட்டை கிடக்கிறது. எது வட முனை என்று சாக்பீஸில் குறித்தே தருகிறேன்.

கூத்தப்பாக்கத்தான் | வியாழன் மாலை 5.15

தகவல் சொல்ல வந்தேன். சித்தப்பா அந்த நம்பருக்குப் போன் போட்டு, கிலோஹெர்ட்ஸ் எவ்வளவு, சி.டி.ஆர்.ஐ. எண் என்ன என்று இரண்டையும் கேட்டார். "ஐயா, உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் விட்டுவிடுங்கள்" என்று வைத்துவிட்டார்களாம். நகைக்கடன் ஃபாரம் இப்போது தம்பி பாப்பாவின் ராக்கெட்டாகப் பறக்கிறது.

ரேடியேஷன் சார்ட் கிடைத்தது. முதலில் ஃபைலில் இல்லை என்றார்கள், மறுநாள் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். வலிப்பு மாத்திரையின் அளவை மட்டும் இப்போதைக்கு மாற்றியிருக்கிறார்கள், சித்தி நேற்று இரவு தூங்கினார்.

பிரின்டைச் சித்தியும் படித்தார். கண் மங்கல், அதனால் நான்தான் வாசித்தேன். வைத்தியப் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் ஜாடி வந்ததும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். இப்போது சமையலறையில் மாவடு ஜாடி ஒன்று காலியாகிவிட்டது. சேறு எடுக்க ஞாயிறு பிச்சாவரம் போகிறேன். வெள்ளாறு சார், சேற்றை மேலாக எடுக்க வேண்டுமா, ஆழமாகவா?

வெள்ளாறு | வியாழன் மாலை 5.50

மேல் இரண்டு அங்குலம் போதும். தண்ணீரும் அதே இடத்தில் எடுங்கள், வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மாவடு ஜாடி என்றால் உப்புப் போக நன்றாகக் கழுவுங்கள். மைக்ராஸ்கோப் எங்கள் கல்லூரியில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து சித்தியையும் கூட்டி வாருங்கள், சுவரில் பெரிதாகக் காட்டுகிற புரொஜக்டர் இருக்கிறது.